ஐந்தாவது சர்க்கரை நோயாளி

எங்கள் விலங்கியல் துறையில் அப்போது ஒன்பது பேர். அதில் நான்கு பேருக்குச் சர்க்கரை. அவரையும் சேர்த்து ஐந்து என்று பதினோரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒன்பது பேரும் உயிரியல் படித்தவர்கள், ஆறு பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு பதில் தயார் செய்துவிடுவார். அது வேறு யாரோ, அதே பெயரில் இன்னொரு கல்லூரியில் இருந்தவர் என்பார், கேட்டவர்களும் நம்பிவிடுவார்கள். எந்தக் கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருப்பது அவர் சுபாவம். அந்தப் பதில்களில் ஒரு விசேஷம் உண்டு. கேட்டவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க முடியாது.

ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "செவ்வாய் தோஷம்ங்க. அமையல" என்பார். கேட்டவர் முகத்தைக் கொஞ்சம் வருத்தமாக வைத்துக்கொண்டு மழை வருமா என்று பேசப் போய்விடுவார். பணிப் பதிவேட்டில் ஆரம்ப காலத்தில் இரண்டு வருஷ இடைவெளி இருந்தது. துறைத் தலைவர் ஒருமுறை எல்லோருக்கும் எதிரிலேயே கேட்டார். "பிஎச்.டி.க்கு லீவு போட்டேன் மேடம். முடிக்க முடியல, விட்டுட்டேன்" என்றார். முடிக்காத பிஎச்.டி. பற்றிக் கல்லூரியில் யாரும் மேலே தோண்ட மாட்டார்கள். அது நாகரிகம் இல்லை.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் நாற்காலிக்கு அடியில் இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தேன். மதியத்துக்குள் இரண்டும் காலி. மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஆத்துக்கு நடுவுல வீடு வச்சுக்கிட்டு இங்க வந்து இவ்வளவு தண்ணி குடிக்கிறீங்களே மேடம்" என்றேன். அவர் ஸ்ரீரங்கம்.

"சுகர்ங்க" என்றார். "ரொம்ப வருஷமா."

அவ்வளவுதான். நானும் மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டேன்.

சொன்ன பதிலுக்கு ஏற்றபடி வாழவும் செய்தார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. கல்லூரி கேன்டீனில் பதினோரு வருஷம் சர்க்கரை இல்லாத காபிதான் குடித்தார். மார்கழியில் கூடாரவல்லி அன்று அவர் அண்ணன் ஒரு தூக்கு நிறைய அக்காரவடிசில் கொடுத்தனுப்புவார். மூடியைத் திறந்தால் நெய் மணத்தில் தாழ்வாரத்தின் கோடியிலிருந்த தாவரவியல்காரர்கள்கூட வந்து நிற்பார்கள். தன் கையாலேயே இலைத்துண்டில் எல்லோருக்கும் எடுத்து வைப்பார். விரலில் ஒட்டியதைக்கூடக் கழுவிவிடுவார், நக்கமாட்டார். சர்க்கரையுள்ள மற்ற நான்கு பேரும் வருஷத்துக்கு ஒருநாள்தானே என்று இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவார்கள். "உங்களை மாதிரி கட்டுப்பாடு எங்களுக்கு வராதும்மா" என்று அவரைப் பாராட்டவும் செய்வார்கள்.

ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மிட்டாய்க் கடை ஓரமாக நின்று ஜாங்கிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு வளையமாகப் பிய்த்து. நான் எதிரே போய் நின்றேன். கண்ணைத் திறந்தவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"சுகர் இறங்கிடுச்சு. கை நடுங்குது பாருங்க" என்று கையை நீட்டினார். உண்மையாகவே நடுங்கியது. நான் பதறிப்போய் இன்னொரு ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். அதையும் சாப்பிட்டார்.

எனக்கு வண்டுகளை வகைப்படுத்துவது வேலை. என் பூச்சிப் பெட்டிகள் இருந்த அறைக்கும் இறுதியாண்டு வகுப்புக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். அதனால் அவர் பாடத்தை வருஷம் தவறாமல் கேட்டிருக்கிறேன். உடற்செயலியலில் சிறுநீரகம் அவருடையது. வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கரும்பலகை முழுக்க ஒரே ஒரு நெஃப்ரானை வரைவார். பிறகு கலர் சாக்பீஸில் ரிசப்டர்கள், அதாவது ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள். முதல் வளைவுக் குழலின் செல்களில் பாராதைராய்டு ஹார்மோனுக்கு நீலப் புள்ளிகள். பாஸ்பேட்டைத் திரும்ப எடுக்காதே, போகவிடு என்று அது சொல்லும். கடைசிப் பகுதியில் ஆல்டோஸ்டீரோனுக்கு மஞ்சள். அதன் ஏற்பி செல்லின் சவ்வில் இல்லை, உள்ளே இருக்கிறது என்பதால் மஞ்சளைச் செல்லுக்குள்ளே வைப்பார். சேகரிப்புக் குழலில், தண்ணீரை உடம்புக்குத் திருப்பும் வாசோபிரசினுக்குச் சிவப்பு. ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும்தான் சிவப்பு வர வேண்டும். சிறுநீர் ஓடும் பக்கத்தில் புள்ளி வைத்த மாணவிக்கு மார்க் கிடையாது. அதே குழலில் இடையிடையே இருக்கும் இன்னொரு வகைச் செல்லில் அவர் சிவப்பு வைப்பதே இல்லை. அவை அமில வேலை பார்ப்பவை.

"ரத்தத்துல எல்லா ஹார்மோனும் எல்லா செல்லுக்குப் பக்கத்துலயும்தான் போகுது" என்பார். "யார்கிட்ட ரிசப்டர் இருக்கோ அவங்களுக்குத்தான் அது சேதி. மத்தவங்களைப் பொறுத்தவரைக்கும் அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

பூட்டும் சாவியும் போல என்று எந்த மாணவியாவது எழுதினால் கோடு போட்டு அடித்துவிடுவார். புத்தகத்தில் இருக்கிறதே என்று ஒரு பெண் சண்டைக்கே வந்தாள். "சாவி போட்டா பூட்டு திறந்துடும், அதோட கதை முடிஞ்சுது. இங்க அப்படி இல்லம்மா. ஹார்மோன் வந்து உக்காரணும். உள்ள ஒருத்தர் இன்னொருத்தரை எழுப்பணும், அவர் அடுத்தவரை எழுப்பணும். கடைசில தண்ணி போற குழாய்ப் புரதம் எழுந்து, எதிர்ப் பக்கத்துச் சவ்வுக்குப் போய் நிக்கணும். அப்பத்தான் தண்ணி உடம்புக்குத் திரும்பும். நடுவுல ஒருத்தர் தூங்கிட்டா? ஹார்மோன் இருக்கு, ரிசப்டர் இருக்கு, தண்ணி மட்டும் கீழே போயிக்கிட்டே இருக்கும்" என்றார்.

அந்த நிலைக்குக் காரணங்கள் யாவை என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. பிறவிக் குறை, ரத்தத்தில் கால்சியம் மிகுதல், லித்தியம் மாத்திரை நெடுநாள் உண்ணுதல். இந்த விடையை வருஷா வருஷம் திருத்தியிருக்கிறேன். திருத்தியபோது பக்கத்து நாற்காலியில் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

மற்றபடி அவரோடு பழகுவது சுலபம். இரண்டு வகுப்புகளைத் தொடர்ச்சியாக எடுக்க மாட்டார், அது ஒன்றுதான் சிரமம். கால அட்டவணை போடுகிறவர் அழுவார். வையம்பட்டிப் பக்கம் அணைக்கட்டுக்கு மாணவிகளை அழைத்துப் போகும் சுற்றுலாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. "பஸ்ல வாந்தி எடுப்பேன்ங்க." தினமும் பஸ்ஸில் வருகிறவர்தான் இதைச் சொன்னார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. சத்திரத்தில் நாங்கள் இருவரும் கல்லூரி பஸ்ஸுக்காகச் சேர்ந்து நிற்போம். எந்தக் கட்டடத்தில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், எது எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. வீட்டில் அண்ணன் ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவர் எதிரிலேயே தங்கை சொம்பு சொம்பாகக் குடிப்பாராம். "அண்ணா ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்று ஒருமுறை சொன்னார். அது பதில் இல்லை, தானாகச் சொன்னது. அந்த மாதிரி அவர் சொன்னது குறைவு என்பதால் நினைவிருக்கிறது.

ஒரு ஏப்ரலில், பரீட்சை நாளன்று காலை ஒன்பது மணிக்குக் கல்லூரிப் படியில் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. புத்தூரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். துறைத் தலைவர் பரீட்சை வேலையாகத் திரும்பிப் போய்விட, நான் மட்டும் கூட இருந்தேன். அண்ணனின் போன் அணைந்திருந்தது. கோயிலுக்குள் இருப்பார், வெளியே வந்ததும் எடுப்பார் என்று நினைத்தோம்.

அவசரப் பிரிவில் எங்களைப் பார்த்ததும் நர்ஸ் ஓடிவந்தாள். "மேடம்! நீங்களா!" எங்கள் மாணவி, பி.எஸ்ஸி. முடித்துவிட்டு நர்சிங் போனவள். சிறுநீரகப் பாடம் அவரிடம்தான் படித்தவள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் முகம் இறுகியதை வலி என்று எடுத்துக்கொண்டேன்.

டூட்டி டாக்டர் தாளை வைத்துக்கொண்டு, "சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"சுகர் இருக்கு சார்" என்றேன் நான். "ரொம்ப வருஷமா. ஆனா பயங்கரக் கட்டுப்பாடு."

படுத்திருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். டாக்டருக்குப் பின்னால் அந்த நர்ஸ் பெண் நின்றிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"மாத்திரை என்ன எடுக்கறாங்க?"

"சுகர் மாத்திரைதான் சார். பேர் வீட்ல பாத்து சொல்றேன்" என்று அதற்கும் நானே பதில் சொன்னேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு. வலிக்கு ஊசி போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை சரியாக இருந்தது. "நல்லா கன்ட்ரோல்ல வச்சிருக்காங்களே" என்றார் டாக்டர். எனக்கே பாராட்டுக் கிடைத்த மாதிரி இருந்தது. மாலை நான்கு மணிக்கு ஆபரேஷன், அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லி அறைக்கு அனுப்பினார்கள். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

முதல் தடவை கேட்டபோது சாதாரணமாகத்தான் கேட்டார். "கொஞ்சம் தண்ணி குடுங்க."

"கூடாதாம் மேடம். சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்குங்க."

இரண்டாவது தடவை, வாய் மட்டும் கொப்புளித்துத் துப்பிவிடுகிறேன் என்றார். நான் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். அவர் அதைப் பல்லால் கவ்வி உறிஞ்ச ஆரம்பித்தார். நான் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டேன். மூன்றாவது தடவை என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஒரே வாய்" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. சின்னக் குழந்தைக்குச் சொல்வதைப் போல நல்ல வார்த்தை சொல்லி அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். கடமையைச் சரியாகச் செய்கிறேன் என்ற எண்ணம் எனக்கு நிறையவே இருந்தது. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

கட்டிலுக்கு அடியில் தொங்கிய சிறுநீர்ப் பை நிரம்பிக்கொண்டே இருந்தது. நர்ஸ் பெண் வந்து வந்து காலி செய்தாள். "மேடம், பச்சத் தண்ணி மாதிரி வருது" என்று என்னிடம் சொன்னாள்.

"சுகர் இருந்தா அப்படித்தாம்மா போகும்" என்றேன்.

சர்க்கரைதான் சரியாக இருக்கிறதே, அப்புறம் ஏன் இப்படிப் போக வேண்டும் என்ற கேள்வி அந்த அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. அங்கே விலங்கியல் படித்தவர்கள் மூன்று பேர். நான் கேட்டுக்கொள்ளவில்லை. நர்ஸ் பெண் கேட்டதற்குத் தவறான பதிலும் சொன்னேன். மூன்றாமவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மதியம் ஒன்றரைக்கு அவர் பேச்சு குழறியது. வலி மருந்தின் மயக்கம் என்றார்கள். அண்ணன் இன்னும் போனை எடுக்கவில்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வீட்டு ஆள் வேண்டும், சர்க்கரை மாத்திரையின் பெயரும் வேண்டும். நர்ஸ் பெண்ணிடம் சொல்லிவிட்டு ஒரு ஆட்டோ பிடித்து ஸ்ரீரங்கம் போனேன்.

அண்ணன் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல். நெற்றியில் பளிச்சென்ற திருமண். வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். விழுந்துவிட்டார், இடுப்பெலும்பு, புத்தூர், நாலு மணிக்கு ஆபரேஷன். எப்படி விழுந்தாள், எந்த டாக்டர் என்று எதுவும் அவர் கேட்கவில்லை.

"தீர்த்தம் குடுத்தேளா?" என்றார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி தண்ணி குடுக்கக் கூடாதுங்க. சுகர் வேற இருக்கு..."

"எத்தனை நாழியா குடுக்கலை?"

"காலைல ஒன்பது மணியிலேருந்து."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்கு சர்க்கரையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்றவர் உள்ளே ஓடிப்போய் ஒரு மாத்திரை அட்டையை எடுத்துவந்தார். என் கையில் கொடுக்காமல் ஒரு கணம் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "டாக்டர்ட்ட மாத்திரம் சொல்லுங்கோ. காலேஜ்ல வேண்டாம். எனக்காக."

அட்டையின் பின்னால் லித்தியம் என்று அச்சிட்டிருந்தது.

எனக்கு அந்தத் தெருவில் நின்றபடியே எல்லாம் புரிந்தது. புரிய வைக்க யாரும் தேவைப்படவில்லை. வருஷா வருஷம் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். வாசோபிரசின் வருகிறது. சிவப்புப் புள்ளியில் உட்காருகிறது. உள்ளே யாரும் எழுந்திருக்கவில்லை. வாயால் குடித்தால் மட்டுமே ஈடுகட்ட முடிகிற நஷ்டம் அது. நான் அந்த வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நர்ஸ் பெண்ணுக்கு போன் போட்டேன். "லித்தியம்மா. சுகர் இல்ல. லித்தியம்" என்று இரண்டு முறை சொன்னேன். அந்தப் பக்கம் அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. அவளும் அந்த இரண்டு மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதியவள்தானே.

ஆட்டோ பாலத்தில் ஏறியதும் அண்ணன் தானாகவே சொன்னார். "தோஷம் கீஷம் ஒண்ணும் கிடையாது. சுத்த ஜாதகம். அந்த ரெண்டு வருஷம் அவ அவளா இல்லை. தூங்கமாட்டா. கொள்ளிடத்துல போய் நின்னவளை நாலு பேர் பிடிச்சு அழைச்சுண்டு வந்தா. அப்புறம் இந்த மாத்திரைதான் அவளை எங்களுக்குத் திருப்பிக் குடுத்தது. குடுத்துட்டு, தீர்த்தத்தைக் கேட்டுண்டே இருக்கு." அவர் அழவில்லை. முகத்தை மட்டும் வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாங்கள் போனபோது சலைனை மாற்றியிருந்தார்கள். ரத்தத்தில் உப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உடம்பு வற்றியதால் லித்தியமும் கூடியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும், ஆபரேஷன் மேஜைக்குப் போயிருந்தால் எழுந்திருக்கமாட்டார் என்று சிறுநீரக டாக்டர் சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை. "ஹிஸ்டரி குடுத்தது யாரு?" என்று மட்டும் கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

இரண்டு நாள் கழித்து ஆபரேஷன் நடந்தது. அதற்குள் அவருக்கு நினைவு தெளிந்திருந்தது. கட்டில் பக்கத்தில் மூன்று பாட்டில் தண்ணீர். சிறுநீரக டாக்டர் வந்து லித்தியத்தை நிறுத்தலாமா என்று கேட்டார். அவர் தலையை அசைத்தார். "மாட்டேன். தண்ணி போனா குடிச்சுக்கலாம். மனசு போனா?" என்றார். டாக்டருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பதில் உண்மையானது. மனநல டாக்டரோடு பேசி இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார்கள். அது எப்படி வேலை செய்யும் என்று எனக்கு விளக்கியதும் அவர்தான். செல்லுக்குள் சோடியம் நுழையும் வாசல் வழியாகத்தான் லித்தியமும் நுழைகிறதாம். அந்த வாசலை இந்த மாத்திரை கொஞ்சம் அடைக்கும். பேசும்போது விரல் தானாகப் போர்வையில் குழல் வரைந்தது.

நான் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "நான் சுகர்னு சொன்னப்ப ஏன் மேடம் ஒரு வார்த்தை சொல்லல? செத்துப்போயிருப்பீங்களே."

"நீங்க அவ்வளவு நிச்சயமா சொன்னீங்க. அந்தப் பொண்ணு வேற நின்னுக்கிட்டு இருந்தா."

"அதுக்காக?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "சொல்லிடலாம்னுதான் இருந்தேன். வாய் வரல. நாளைக்கும் வராது. எனக்கு என்னைத் தெரியும்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "அடுத்த தடவை நீங்க சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன். நான் இல்லன்னு தலையாட்டினாலும் நீங்க சொல்லிடுங்க."

சரி என்றேன். துறையில் எல்லோரிடமும் சர்க்கரை திடீரென்று ஏறிவிட்டது என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் ஓய்வுபெறும் வரை ஆறு வருஷம், அந்தப் பொய்க்கு நாங்கள் இரண்டு பேர் காவல். காபியில் யாராவது மறந்து சர்க்கரை போட்டுவிட்டால் நானே சத்தம் போடுவேன். எனக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது, மறைப்பானேன்.

ஓய்வுபெற்ற மறுவருஷம் கண்புரை ஆபரேஷன். அண்ணனால் அலைய முடியவில்லை, என்னைக் கூப்பிட்டார். கண் மருத்துவமனைக் கூடத்தில் ஐம்பது அறுபது பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண், "அம்மாவுக்கு என்ன வியாதி இருக்கு?" என்று கேட்டாள்.

"சுகர்" என்றார் அவர், கண்ணிமைக்காமல்.

"சுகர் இல்லைங்க" என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்ணச்சநல்லூரில் அரிசி மில்லுக்குப் பின்வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். மில் ஓடும்போது பேசிப் பழகிய குரல். "சுகர் கிடையாது! லித்தியம்! முப்பது வருஷமா சாப்பிடறாங்க, மனசுக்கு! தண்ணிய மட்டும் நிறுத்தவே கூடாது!"

இரண்டாவது பெஞ்சில் ஒரு மாமி திரும்பிப் பார்த்தார். மேடத்தின் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. எழுந்து போய்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஒரு தாளில் எழுதி நீட்டியிருக்கலாம். இதெல்லாம் எனக்கு அன்று மாலைதான் தோன்றியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நர்ஸ் மறக்காமல் அரைமணிக்கு ஒருமுறை தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு டம்ளரையும் முழுசாகக் குடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கி, கண்கட்டோடு, என் கையைத் தொடாமல் படியேறினார். அதற்கப்புறம் என் போனை அவர் எடுக்கவில்லை. சொல்லச் சொன்னதும் அவர்தான், மன்னிக்காததும் அவர்தான். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வருத்தமாகத்தான் இருந்தது, இரண்டு வருஷமாக.

போன மாதம் சத்திரத்தில் அவர் அண்ணனைப் பார்த்தேன். தடியூன்றி பஸ்ஸுக்கு நின்றிருந்தார். மேடம் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நன்னா இருக்கா. கண் பளிச்சுன்னு தெரியறது."

"எம்மேல கோபம் போகலையா?"

"போகலை" என்றார் அவர். மழுப்பவில்லை. பிறகு, "பல் பிடுங்கப் போயிருந்தோம். அங்க ஒரு பொண்ணு ஃபாரத்தை வச்சுண்டு, என்ன வியாதின்னு கேட்டா. இவ வாயைத் திறக்கலை. எனக்கு அந்த இங்கிலீஷ் பேரெல்லாம் வராது. உங்களுக்கு போன் பண்ணட்டுமான்னு மெதுவா கேட்டேன். சட்டுன்னு அந்தப் பொண்ணு கையிலேர்ந்து பேனாவைப் பிடுங்கிண்டா. தானே எழுதிட்டா. மாத்திரை பேரு, எத்தனை வருஷம், எதுக்கு, தீர்த்தத்தை நிறுத்தப்படாது, எல்லாம்."

"ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா" என்றார். "'அந்தம்மாவைக் கூப்பிட்டா மலைக்கோட்டை வரைக்கும் கேக்கும், அதுக்கு நானே எழுதிடறேன்'னா."